சபை நடுவே ஆண்டவரைச் சந்தித்தல்

ஆலய மணி ஒலிக்கிறது. நாம் எழுந்து சென்று வழக்கமான இடத்தில் அமர்கிறோம். பாட்டின் எண் கூறப்படுகிறது. எழுந்து நின்று பாடுகிறோம். வேதபாடம் வாசிக்கப்படுகிறது, கேட்கிறோம், அல்லது கேட்பவர்போல் இருக்கிறோம். ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது, முடிவில் ஆமென் என்கிறோம். ஆசீர்வாதம் கூறப்பட்டதும் வெளியே வந்து, வாசற்படியிலேயே பரீட்சையைக் குறித்தோ பந்தாட்டத்தைக் குறித்தோ பேசத் தொடங்கிவிடுகிறோம். யாவும் முறைப்படி நடந்தேறிற்று. ஆயினும் ஒரு கேள்வி நம்மைப் பின்தொடர்கிறது. ஆலயத்தினுள் நாம் யாரைச் சந்தித்தோம்? நண்பரைக் கண்டோம், ஆசிரியரைக் கண்டோம், பிரசங்கியாரின் குரலைக் கேட்டோம். எவருடைய நாமத்தினாலே கூடினோமோ அவரைச் சந்தித்தோமா?

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிடலாகாது. மாணவ நண்பர் பலர் இதனைத் தமக்குள்ளேயே வைத்து வருந்துகின்றனர். சிலர், ஆராதனை என்பது வெறும் பழக்கமே எனத் துணிந்து கோவிலை விட்டு மெல்ல விலகுகின்றனர். வேறு சிலர், பிறருக்குக் கிடைத்த அனுபவம் தமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஏங்கி, உணர்ச்சி மிக்க கூட்டங்களைத் தேடி ஊரூராக அலைகின்றனர். விலகுவோரும் அலைவோரும் ஒரே குறையினால் வருந்துபவரே. ஆதலின், சபை கூடிச் செய்யும் ஆராதனையில் தனி மனிதன் கடவுளைச் சந்திப்பது எங்ஙனம் என்பதை வேதத்தினின்றும் திருச்சபையின் சரித்திரத்தினின்றும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, சந்தித்தல் என்பது யாது? கண்ணாற் காணுதலும் செவியாற் கேட்டலுமே சந்தித்தல் எனின், அது நம்மில் மிகச் சிலர்க்கும் அரிது. இதனைத் தெளிவாக்க ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்து ஆறாம் அதிகாரம் நமக்குப் பெரிதும் உதவும். உசியா அரசன் மரித்த வருஷத்தில், அஃதாவது கி.மு. 740-ஐ ஒட்டிய காலத்தில், ஏசாயா தேவாலயத்திலே கர்த்தரின் மகிமையைக் கண்டார். அரசனது மரணத்தை அவர் குறிப்பிடுவது காலத்தைக் காட்டுவதற்காக மட்டும் அன்று போலும். உசியா, வல்லமை மிக்கவனாய் ஐம்பத்திரண்டு ஆண்டு ஆண்டவன். ஆயினும் தன் பெருமையினால் மேட்டிமை கொண்டு, ஆசாரியர்க்கே உரிய தூபங்காட்டும் பணியைத் தானே செய்யத் துணிந்து ஆலயத்துட் புகுந்து, குஷ்டரோகியாய் வெளியேறினான் என்று நாளாகமம் கூறுகிறது. அரசன் தன் உரிமையாற் புகுந்து அடையாததை, அவன் மரித்த ஆண்டிலே, ஒன்றையும் உரிமை கொண்டாடாத ஒருவர் கொடையாகப் பெற்றார். கடவுளைச் சந்தித்தல் நாம் கைப்பற்றும் பொருளன்று; நமக்கு அளிக்கப்படும் வரம் என்பது இதனாற் பெறப்படும்.

அத்தரிசனத்தின் முறையையும் நோக்குக. சேராபீன்கள் கடவுளின் பரிசுத்தத்தை மும்முறை கூறிப் போற்றுகின்றனர். அதைக் கேட்ட மாத்திரத்தில் ஏசாயா தமது அசுத்த உதடுகளை நினைந்து கலங்குகிறார். தம்முடைய பாவத்தை மட்டுமன்றித் தம் ஜனத்தின் பாவத்தையும் அறிக்கையிடுகிறார். பலிபீடத்து நெருப்புத்தழல் அவர் உதடுகளைத் தொட, பாவம் நீங்குகிறது. அதன்பின்னரே அவருக்குக் கர்த்தருடைய சத்தம் கேட்கிறது. யாரை அனுப்புவது என்னும் வினாவிற்குத் தம்மையே விடையாக அளிக்கிறார். துதி, பாவ அறிக்கை, மன்னிப்பு, திருவார்த்தை, அனுப்பப்படுதல் என்னும் இவ்வைந்தும் இன்றும் நம்முடைய ஆராதனை முறையில் ஏறக்குறைய இவ்வரிசையிலேயே அமைந்திருத்தலைக் காண்கின்றோம். நாம் சலிப்போடு பார்க்கும் முறை, ஒருவர் கடவுளைச் சந்தித்த வழியின் சுவடே ஆகும். சுவடு பயணமன்று என்பது மெய்யே. ஆயினும் சுவடின்றிக் காட்டிலே நடப்பவனுக்கு அதன் அருமை தெரியும்.

இரண்டாவது, தனியே அறையிற் பூட்டிய கதவின் பின்னே ஜெபிக்குமாறு கிறிஸ்துநாதரே போதித்திருக்க, சபை கூடுவது எதற்கு என்று வினவுவாரும் உளர். தனி ஜெபத்தின் மாண்பை மறுப்பார் யார்? அது சபையின் ஆராதனைக்கு வேர். ஆயினும், அவ்வாறு போதித்தவரே ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்திற்குச் செல்லும் வழக்கமுடையவராய் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். இவ்விடத்திலே தோமா அப்போஸ்தலரின் வரலாறு நம் சிந்தனைக்குரியது. ஆண்டவர் உயிர்த்தெழுந்த அன்று மாலை சீடர் கூடியிருந்த வீட்டிற்கு வந்தபொழுது தோமா அவர்களுடன் இருந்திலர். ஏன் இல்லை என்பதை யோவான் எழுதவில்லை. துக்கம் மிக்கவர் தனிமையை நாடுவது இயல்பு. மற்றவர் கூறிய சாட்சியை அவர் ஏற்றிலர். தாமே காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்பேன் என்றார். பிறர் வாய்மொழியால் நிறைவு பெறாது, தாமே நேரிற் சந்திக்க விழைந்த அவர் இக்காலத்து மாணாக்கர்க்கு நெருங்கிய உறவினர் என்றே சொல்லலாம்.

எட்டு நாட்கள் சென்றன. நம்பிக்கையில்லாத தோமா இப்பொழுது அவர்களோடு இருக்கிறார். இதுவே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஐயம் தீர்ந்தபின் வருவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. ஐயத்துடனேயே வந்து அமர்ந்தார். மற்றச் சீடரும், நம்பாத உனக்கு இங்கே இடமில்லை என்று கதவை அடைக்கவில்லை. அக்கூட்டத்தின் நடுவே ஆண்டவர் வந்து நின்று, எல்லாருக்கும் சமாதானம் கூறியபின், ஒருவரை மட்டும் நோக்கி, அவர் கேட்ட சொற்களாலேயே அவரை அழைத்தார். தோமா அவரைத் தம் ஆண்டவரென்றும் தம் தேவனென்றும் அறிக்கை செய்தார். அறிக்கை முற்றும் தனிமனிதருடையது. அது பிறந்த இடமோ சபை. அத்தோமாவே நம் நாட்டிற்கு வந்து, சென்னையை அடுத்த பரங்கிமலையிலே இரத்தசாட்சியாய் மரித்தார் என்பது தென்னாட்டுக் கிறிஸ்தவரின் பழைய மரபு. ஐயத்தோடு கோவிலுக்கு வரும் தமிழ் மாணவன் அந்நியனல்லன். அவனுக்கு முன்னே அவ்வாசனத்தில் தோமா அமர்ந்திருக்கிறார்.

மூன்றாவது, ஆதிச் சபையார் கூடியபோது செய்தவை யாவை என்று பார்ப்போம். கி.பி. 112-ஐ ஒட்டிப் பித்தினியா நாட்டின் அதிபதியாயிருந்த பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்து அறிந்தவற்றை டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதினான். குறித்ததொரு நாளிலே பொழுது விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தேவனாக எண்ணிப் பாடுவதும், களவு முதலிய தீமைகளைச் செய்வதில்லை என்று உறுதி பூணுவதும் அவர்களது வழக்கம் என்கிறான். கி.பி. 155-ஐ ஒட்டி ரோமாபுரியிலிருந்து எழுதிய ஜஸ்டின் என்னும் இரத்தசாட்சி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விரிவாகக் கூறுகிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்திற் கூடுவர். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளாவது தீர்க்கதரிசிகளின் நூல்களாவது பொழுது இடங்கொடுக்குமளவும் வாசிக்கப்படும். தலைவர் புத்திமதி கூறுவார். எல்லாரும் எழுந்து ஜெபிப்பர். அப்பமும் இரசமும் பரிமாறப்படும். வராதவர்க்கு உதவிக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பர். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளர்க்கும் சிறைப்பட்டோர்க்கும் செலவிடப்படும். இவற்றுள் வியப்பூட்டுவது ஒன்றுமில்லை. வாசித்தல், கேட்டல், ஜெபித்தல், உண்ணுதல், கொடுத்தல் என்னும் எளிய செயல்களே. ஆயினும் இவற்றிற்காக உயிரையும் கொடுக்க அவர்கள் ஆயத்தமாயிருந்தனர்; ஜஸ்டினும் அவ்வாறே மரித்தார். எளிய செயல்களினூடே ஆண்டவர் தம்மைத் தந்தருளுகிறார் என்பதை அவர்கள் கண்டிருந்தமையே அதற்குக் காரணம்.

நான்காவது, ஆண்டவர் பேசினாலும் அதனை அவருடைய சத்தமென அறிய நமக்குப் பயிற்சி வேண்டும். சிறுவனாகிய சாமுவேல் சீலோவிலுள்ள ஆலயத்திலே படுத்திருந்தான். விளக்கு இன்னும் அணையவில்லை. பெயர் சொல்லி அழைக்கும் சத்தம் கேட்டது. மூன்று முறையும் அவன் ஏலியினிடமே ஓடினான். கூப்பிட்டது ஏலியல்ல, ஆயினும் கூப்பிட்டவர் யார் எனச் சிறுவனுக்கு உணர்த்தியவர் ஏலியே. அவருடைய கண்கள் மங்கியிருந்தன. அவருடைய குமாரரோ தீயவழியில் நடந்தனர். அவர் வீட்டிற்கு நியாயத்தீர்ப்பும் நெருங்கியிருந்தது. அத்தகைய முதியவரும், இளைஞனைத் தம்மிடத்தில் நிறுத்திக்கொள்ளாமல், மீண்டும் போய்ப் படுத்துக் காத்திருக்குமாறு ஆலயத்திற்கே அனுப்பினார். குறையுள்ள போதகர்களையும் ஆசிரியர்களையும் பார்த்து, இவர்களால் நமக்கு ஆவதென்ன என்று கூறும் மாணாக்கர்க்கு இது விடையாகும். ஆசிரியராயிருப்போர்க்கும் இதிலே ஓர் எச்சரிக்கை உண்டு. தம்மிடம் ஓடிவருபவனைத் தமக்கே அடியானாக்கிக்கொள்ளாமல், அழைத்தவரிடம் திருப்பியனுப்புதலே அவர்தம் கடமை.

ஐந்தாவது, உணர்ச்சியைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இனிய இசையினால் உள்ளம் உருகுவதே கடவுளைச் சந்தித்தல் என்பர் சிலர். உணர்ச்சி யாவும் மயக்கமே என்பர் வேறு சிலர். கி.பி. 387-ல் மிலான் நகரிலே அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீனார், அச்சபையாரின் பாடலைக் கேட்டுக் கண்ணீர் பெருக்கியதைத் தம் அறிக்கைகள் என்னும் நூலிலே கூறுகிறார். அந்நூலிலேயே பிறிதோரிடத்தில், பாடலின் பொருளினும் பாடும் குரலே தம்மை அதிகமாய்க் கவர்ந்தபொழுது அதனைத் தம் குற்றமாகக் கருதினதாகவும் எழுதுகிறார். இசையை முற்றிலும் விலக்கிவிடலாமோ என்றுகூட எண்ணினார். ஆயினும் தம் கண்ணீரை நினைந்து அதனை விலக்கவில்லை. இராகமும் தாளமும் இனிதமைந்த கீர்த்தனைகளிலே வளர்ந்த தமிழ்ச் சபையாராகிய நமக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். இசை நம்மை வாசல்வரை அழைத்துச் செல்லும் தோழன். வாசலிலேயே நின்று தோழனைப் புகழ்ந்துகொண்டிருப்பின் உள்ளே இருப்பவரை எப்பொழுது காண்போம்?

ஜான் வெஸ்லியாரின் வாழ்க்கை இப்பொருளை இன்னும் விளக்கும். அவர் குருப்பட்டம் பெற்றுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவில் ஊழியஞ்செய்து, மனம் வெதும்பித் திரும்பியிருந்தார். 1738-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி விடியற்காலையில் வேதத்தைத் திறந்து வாசித்தார். பிற்பகலில் லண்டன் தூய பவுல் பேராலயத்திற்குச் சென்றார். ஆழங்களிலிருந்து கடவுளை நோக்கிக் கூப்பிடும் 130-ம் சங்கீதம் அங்கே பாடப்பட்டது. மாலையில் ஆல்டர்ஸ்கேட் வீதியில் நடந்த சிறு கூட்டத்திற்கு மனமில்லாமலே போனார். அங்கு ஒருவர் ரோமருக்கு எழுதின நிருபத்திற்கு லுத்தர் எழுதிய முகவுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால்மணி முன்னதாக, தம் உள்ளத்திலே அபூர்வமானதோர் அனல் உண்டானதையும், கிறிஸ்து தம்முடைய பாவங்களையே, ஆம் தம்முடையவற்றையே, நீக்கினார் என்னும் நிச்சயம் பிறந்ததையும் அவர் தமது தினக்குறிப்பில் எழுதி வைத்தார்.

இவ்வரலாற்றைக் கேட்போர் அவ்வனலை மட்டுமே நினைவிற் கொள்கின்றனர். அன்று அவர் மனமின்றிச் சென்றார் என்பதையும், காலை வாசிப்பும் பிற்பகல் ஆராதனையும் அம்மாலைக்கு முன்னே நடந்தன என்பதையும், அதற்குப் பின்னரும் சோதனைகளும் மனத்தளர்ச்சியும் தொடர்ந்தன என்று அவரே எழுதியிருப்பதையும் மறந்துவிடுகின்றனர். உணர்ச்சி குறைந்த நாட்களிலும் அவர் ஆலயத்தை விட்டாரில்லை. திருவிருந்தில் அடிக்கடி பங்குபெற வேண்டுமென்று தம் மாணாக்கர்க்கு வற்புறுத்திப் போதித்தார். அனல் வந்தது ஒருநாள். விறகு அடுக்கப்பட்டதோ பல ஆண்டுகள். அன்றாட ஆராதனையில் நாம் செய்வது பெரும்பாலும் விறகடுக்குதலே. மூட்டுபவர் அவர், எந்நாள் என்பதும் அவருக்கே தெரியும்.

ஆறாவது, சந்திப்பைத் தடுப்பது எது? தூக்கமும் கவனக்குறைவும் தடைகளே. ஆயினும் அவற்றினும் பெரிய தடை நமக்கு அடுத்த ஆசனத்திலே இருக்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் போதித்தார். கொரிந்து பட்டணத்துச் சபையார் கூடியபோது, செல்வர் முந்தி உண்ண, ஏழைகள் பசித்திருந்தனர். அது கர்த்தருடைய பந்தியே அன்று என்று பவுல் கடிந்தெழுதினார். நமது நாட்டுச் சரித்திரத்திலும் இப்பாடம் எழுதப்பட்டிருக்கிறது. ஆலயத்துள் ஜாதிவாரியாகத் தனித்தனியே அமர்தலும் தனித்தனியே திருவிருந்து பெறுதலும் பழைய சபைகள் பலவற்றில் வழக்கமாயிருந்தன. 1833-ல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் இவ்வேற்றுமையை உடனே முற்றிலும் ஒழிக்கவேண்டுமெனச் சுற்றறிக்கை அனுப்பியபோது, தென்னாட்டுச் சபைகளில் பலர் அதனை எதிர்த்துப் பிரிந்தும் போயினர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தினுள் இரு பிரிவாரையும் பிரித்துநின்ற சுவர் 1910-ல் தான் இடிக்கப்பட்டது. கல்லாலான சுவரை இடிப்பது எளிது. நெஞ்சினுள்ளே சுவர் வைத்திருப்பவன், எத்துணை உருக்கமாய்ப் பாடினும், அச்சுவரின் அப்பாலே நிற்கும் கிறிஸ்துவை எங்ஙனம் சந்திப்பான்?

1947-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. பலவகை முறைகளிற் பழகிய சபைகள் ஒன்றாயின. அத்திருச்சபை 1950-ல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையிலே, சிரியன் கிறிஸ்தவரின் தொன்றுதொட்ட வழக்கத்தைத் தழுவி, சமாதானம் வழங்குதல் என்னும் சடங்கு சேர்க்கப்பட்டது. குருவானவரிடத்திலே தொடங்கும் சமாதானம், கையினின்று கைக்குச் சென்று, கடைசி வரிசையில் இருப்பவரையும் சேர்கிறது. இஃது இடையே புகுத்திய உபசாரமன்று. ஆண்டவருடைய சமாதானம் பக்கத்திலிருக்கும் மனிதனுடைய கையின் வழியாகவே நம்மிடம் வருகிறது. அக்கையை மறுப்பவன் அதனையும் மறுக்கிறான்.

இனி, நாம் செய்யத்தக்கன சில கூறுவோம். ஆராதனை தொடங்குமுன் ஐந்து நிமிஷம் முந்திச் சென்று அமைதியாய் அமர்க. அன்றைய வேதபாடத்தை முன்னதாகவே ஒருமுறை வாசித்துச் செல்க. முன்பு அறிந்த சொல் செவியில் விழும்பொழுது உள்ளம் விரைந்து எழும். பாவ அறிக்கையின்போது, பொதுவான சொற்களுக்குள்ளே நமது குற்றம் ஒன்றையேனும் பெயர் சொல்லி வைப்போமாக. மன்றாட்டின்போது, நமக்குப் பிடிக்காத ஒருவரையும் நினைப்போமாக. பிரசங்கத்திற் குற்றங் காண்பதை விடுத்து, நமக்கென வந்த ஒரு வாக்கியத்தையாவது தேடி எடுத்து, அந்நாள் முழுதும் உடன்கொண்டு செல்வோமாக. இவற்றாற் கடவுளை வரவழைத்துவிடலாம் என்பது நம் கருத்தன்று. அவர் வரும்பொழுது வீட்டிலே இருப்பதற்கு இவை உதவும், அவ்வளவே.

இவ்வளவு செய்தும் ஒன்றும் கண்டிலேம் என்பாரும் நம்முள் இருப்பர். அவர்கள் கூற்றை நாம் மறுக்கத் துணியோம். எம்மிற் பலர் அந்நிலையில் ஆண்டுக்கணக்காக இருந்துள்ளோம். அவர்களுக்குச் சொல்லத்தக்கது எம்மாவு வழியில் நிகழ்ந்ததே. இருவர் துக்கமுகத்தோடு நடந்தனர். ஆண்டவர் கூடவே நடந்தார், அவரென்று அறிந்திலர். அவர் வேதத்தை விளக்கினார், அப்பொழுதும் அறிந்திலர். பந்தியிலே அப்பத்தைப் பிட்டபொழுதே கண் திறந்தது. திறந்தவுடன் அவர் மறைந்தார். வழியெல்லாம் தம் உள்ளம் கொழுந்துவிட்டிருந்ததைப் பின்னரே நினைந்து அறிந்தனர். சந்திப்பு நிகழ்ந்த நேரம் வேறு. அதனைச் சந்திப்பென்று அறிந்த நேரம் வேறு. இன்று ஒன்றுமில்லையென நாம் எண்ணும் நாட்களும் ஒருநாள் வேறுவகையாய்த் தோன்றக்கூடும்.

அவ்விருவரும் அதன்பின் என்ன செய்தனர்? பொழுது சாய்ந்திருந்தும், அந்நேரமே எழுந்து, தாம் விட்டுவந்த எருசலேமுக்கும் அங்கே கூடியிருந்த சகோதரரிடத்துக்கும் திரும்பினர். ஆண்டவரை மெய்யாகச் சந்தித்தவர்க்கு இதுவே அடையாளம். சந்திப்பு அவர்களைச் சபையினின்று பிரித்து உயர்ந்தோராக்கவில்லை; சபைக்கே திருப்பியனுப்பிற்று. நாளையும் ஆலய மணி ஒலிக்கும். ஐயமுள்ளவரும் சோர்ந்தவரும் மனமில்லாதவரும் வருக. நமது பக்கத்தில் ஓரிடம் விட்டு வைப்போம். தோமாவுக்கும் அவ்வாறே இடம் இருந்தது.